மாத இலக்கும் போக வருமானமும்: விற்பனை நிறுவனங்களின் அழுத்தப் பண்பாடு குறித்து

கந்தளாய் போன்ற ஒரு விவசாய நகரில் இயங்கும் நிதிக் கம்பனிக் கிளையின் மாத இலக்கை அந்த நகரம் தீர்மானிப்பதில்லை. எத்தனை லீசிங் கோப்புகள் திறக்கப்பட வேண்டும், எவ்வளவு நிலையான வைப்புத் திரட்டப்பட வேண்டும், நிலுவைக் கடன் எத்தனை வீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பவை தலைமை அலுவலகத்தில் முடிவாகின்றன. பிராந்திய முகாமையாளர் வழியாகக் கிளைக்கு வரும் அந்த எண்கள், கடைசியில் மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகத் திரியும் வெளிக்கள உத்தியோகத்தரின் தலையில் இறங்குகின்றன. எண் எட்டப்படாவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழுகிறது, இரவு பகல் பாராமல் வட்ஸ்அப் குழுவில் கட்டளைகள் வருகின்றன, லீவு மறுக்கப்படுகிறது, 'முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ' என்ற மிரட்டல் எழுகிறது. இவற்றை ஒரு முகாமையாளரின் கெட்ட குணம் என்று பேசி முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சந்தை நிலவரம், காலநிலை, அரச கொள்கை ஆகியவற்றால் வரும் நட்டத்தை நிறுவனம் தாங்காமல், படிப்படியாகக் கீழே தள்ளி, மறுத்துப் பேசும் பலமற்ற ஊழியரின் சம்பளத்திலும் மானத்திலும் இறக்கிவைக்கும் ஓர் ஏற்பாடு இங்கே இருக்கிறது. அவமதிப்பு அந்த ஏற்பாட்டை ஓடவைக்கும் கருவி. ஆகவே திருத்தமும் அந்த ஏற்பாட்டில்தான் தொடங்க வேண்டும்.

இடத்தின் தன்மையைப் பார்த்தால் பிரச்சினையின் வேர் தெளிவாகும். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை செல்லும் ஏ6 வீதியில், துறைமுக நகருக்குச் சுமார் 40 கிலோமீற்றர் முன்னால் இருக்கிறது கந்தளாய். குளத்து நீரை நம்பிய நெற்செய்கையும், சுதந்திரத்தை அடுத்த காலத்தில் வளர்ந்த குடியேற்றத் திட்டங்களும் இப்பகுதியின் பொருளாதாரத்தை வடிவமைத்தவை. இங்கே பணம் மாதாமாதம் வருவதில்லை. பெரும்போக அறுவடையின் பின்னும் சிறுபோக அறுவடையின் பின்னும் என ஆண்டுக்கு இரண்டு முறைதான் கமக்காரர் கையில் காசு சேர்கிறது. அதுவும் நெல் விலை வீழாமல் இருந்தால். ஒரு காலத்தில் நிரந்தரச் சம்பளம் தந்த கந்தளாய் சீனித் தொழிற்சாலை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதை மீளத் திறக்கப் போவதாகப் பல தடவை அறிவிக்கப்பட்டும் பழைய வேலைகள் திரும்பவில்லை. உயர்தரம் வரை படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய மாதச் சம்பள வேலைகளில் லீசிங் கம்பனி, காப்புறுதி, நுண்கடன் ஆகிய துறைகள் முக்கியமானவை. வாடிக்கையாளரின் வருமானம் போகக் கணக்கிலும் ஊழியரின் இலக்கு மாதக் கணக்கிலும் ஓடும் இந்தப் பொருத்தமின்மைதான் நகரத்தின் விற்பனை வேலைகள் அனைத்திலும் உறைந்திருக்கும் அழுத்தத்தின் முதல் ஊற்று.

அந்தப் பொருத்தமின்மையை நிறுவனம் எப்படிக் கையாள்கிறது என்பதே அடுத்த கேள்வி. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மீதியைக் கொமிஷனாகவும் ஊக்கத்தொகையாகவும் இலக்கோடு கட்டிவிடுவது உலகெங்கும் உள்ள வழி. அப்படிச் செய்யும்போது மோசமான மாதத்தின் நட்டம் ஊழியரின் வீட்டு அடுப்பில் போய் விடிகிறது. கிளைகளையும் ஆட்களையும் வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது அடுத்த படி. வரிசையில் யாராவது கடைசியில் இருந்தே தீர வேண்டும் என்பதால், எல்லோரும் நன்றாக உழைத்த மாதத்திலும் ஏச்சு வாங்க ஒருவர் இருப்பார். அறவீட்டுப் பிரிவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. தவணை கட்டாத வாடிக்கையாளரின் காசைத் தன் கையிலிருந்து போட்டு அன்றைய கணக்கை நேராக்கும் உத்தியோகத்தர்கள் இந்தத் துறையில் புதியவர்கள் அல்லர். புதுக் கணக்குத் தேவைப்படும் மாதக் கடைசியில் முதலில் அகப்படுபவர்கள் சொந்தக்காரரும் அயலவரும்தான். ஊழியரின் குடும்ப உறவும் ஊரில் உள்ள நல்ல பெயரும் இப்படி நிறுவனத்தின் விற்பனைச் சரக்காகிவிடுகின்றன.

இதன் முடிவு என்ன என்பதற்கு உலகில் ஆவணப்படுத்தப்பட்ட சான்றுகள் ஏராளம். அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று தன் கிளைகளை நெருக்கியது. எண்ணை எட்ட வழியில்லாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இலட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டெம்பரில் விவகாரம் அம்பலமானபோது வங்கிக்கு 185 மில்லியன் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. முன்னைய ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்ததை வங்கி ஒப்புக்கொண்டது. ஐந்தாண்டு காலமாக ஆயிரக்கணக்கானோர் ஒரே குற்றத்துக்காக நீக்கப்பட்டும் குற்றம் நிற்கவில்லை என்றால், கோளாறு ஆட்களின் ஒழுக்கத்தில் மட்டும் இருக்க முடியாது. பிரித்தானியாவின் லொயிட்ஸ் வங்கிக் குழுமத்தின் கதை இதைவிடத் தெளிவானது. 2013 டிசெம்பரில் அந்நாட்டு நிதி நடத்தை அதிகார சபை அதற்கு 28 மில்லியன் பவுண்ஸ் அபராதம் விதித்தது. தவறான விற்பனைக்கு வழிவிடும் ஊக்கத்தொகைத் திட்டங்களைக் கட்டுப்படுத்தத் தவறியதே அங்கு சாட்டப்பட்ட குறை. இலக்குத் தவறினால் ஆலோசகரின் அடிப்படைச் சம்பளமே தன்னியக்கமாகக் குறையும் முறை அங்கே இருந்தது. பதவி இறக்கத்தைத் தவிர்க்க ஒருவர் தனக்கும் தன் மனைவிக்கும் சக ஊழியருக்கும் பொருள்களை விற்றுக் கணக்குக் காட்டினார்.

ஆசியாவிலும் இதே வரைபடம்தான். ஜப்பானின் சுருகா வங்கி, முதலீட்டு வீடுகளுக்கான கடனை மிகையாக விற்பதற்காகக் கடனாளிகளின் சேமிப்பு ஆவணங்கள் திரிக்கப்பட்டதைக் கண்டும் காணாமல் இருந்தது. 2018 செப்டெம்பரில் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை, மோசடியோடு சேர்த்து, இலக்குத் தவறிய ஊழியர்கள் மேலதிகாரிகளிடம் பட்ட கொடிய வசைகளையும் பதிவு செய்தது. மோசடியும் வசையும் ஒரே இயந்திரத்தின் இரண்டு விளைபொருள்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. 2023 ஜூனில் இந்தியாவின் எச்.டி.எப்.சி. வங்கி அதிகாரி ஒருவர், விற்பனை எண்களுக்காக இணையவழிக் கூட்டத்தில் கீழுள்ளோரை அலறி ஏசும் காணொளி பரவியது. வங்கி அவரை இடைநிறுத்தியது. ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. குறித்த இலக்கை எட்டச் சற்றே தவறியவர்கள், இலக்கே இல்லாமல் 'முடிந்தவரை செய்' என்று விடப்பட்டவர்களைவிடத் தங்கள் கணக்கை மிகைப்படுத்திக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று ஷ்வைட்சர், ஓர்டோன்யெஸ், டூமா ஆகியோர் 2004இல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது. தேவை மிகுந்து, வேலையைத் தானே ஒழுங்கு செய்யும் உரிமை குறைந்த தொழில்களே மனத்தை அதிகம் சிதைக்கின்றன என்று ரொபர்ட் கராசெக் 1979இலேயே விளக்கியிருந்தார். வெளிக்கள உத்தியோகத்தரின் வேலை அந்த வரையறைக்கு அப்படியே பொருந்துகிறது. எண் முழுவதும் அவருடைய பொறுப்பு. மழையும் நெல் விலையும் வட்டி வீதமும் அவர் கையில் இல்லை.

இலங்கையில் இந்த இயந்திரத்தின் மறுமுனை எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. 2018இல் நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி சில இடங்களில் 220 வீதம் வரை சென்றதையும், கடன் பெற்ற பெண்கள் அறவீட்டாளர்களின் வசைக்கும் பாலியல் இலஞ்சக் கோரிக்கைக்கும் ஆளானதாகக் கிடைத்த முறைப்பாடுகளையும் எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. ஆனாலும் 2021 மார்ச்சில், கந்தளாய்க்குத் தெற்கே பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில், கடனில் சிக்கிய பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. வட்டியைத் தொட்ட கொள்கை, வாரந்தோறும் நூறு வீத அறவீடு கேட்கும் இலக்கையும் அந்த இலக்கோடு கட்டிய சம்பளத்தையும் தொடவில்லை என்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். தவணையை வாங்காமல் திரும்பினால் தன் கிளையில் என்ன நடக்கும் என்று அஞ்சும் உத்தியோகத்தர் முற்றத்தை விட்டு எழும்ப மாட்டார். அவர் மேல் விழுந்த பயத்தை அந்தப் பெண்ணின் மேல் இறக்கிவிட்டுத்தான் எழும்புவார். இந்தியாவில் 2010 ஒக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு நுண்கடன் நிறுவனங்களுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவரக் காரணமான நெருக்கடியிலும், வேகமாக வளர வேண்டும் என்ற முதலீட்டு அழுத்தம் கடைநிலை அறவீட்டாளர் வழியாகக் கிராமத்துக்குள் பாய்ந்ததையே காண்கிறோம்.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய முதல் மறுப்பு, கெட்டது சில முகாமையாளர்கள்தான், அவர்களை மாற்றினால் போதும் என்பது. நல்ல முகாமையாளர்கள் இருக்கிறார்கள். கீழுள்ளவரைக் காத்து, மேலிடத்துப் பேச்சைத் தாமே வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அதே ஏற்பாடு அவர்களை எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். கிளை முகாமையாளரின் சம்பளமும் பதவி உயர்வும் கிளையின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. இரக்கம் காட்டும் கிளை வரிசையில் பின்தங்குகிறது. உறுக்கி வேலை வாங்கும் கிளை மேலே போகிறது. அந்தக் கிளையின் முகாமையாளரே நாளை பிராந்தியத்துக்குப் பொறுப்பாகிறார். சில ஆண்டுகளில் நிறுவனத்தின் மேல் தட்டு முழுவதும் உறுக்கத் தெரிந்தவர்களால் நிரம்புவது தற்செயலான விளைவாக இருக்க முடியாது. ஒருவரை இடைநிறுத்துவது எச்.டி.எப்.சி. காணொளி எழுப்பியது போன்ற கோபத்தைத் தணிக்கும். அடுத்து வருபவரும் அதே எண்ணோடு அதே நாற்காலியில் அமர்கிறார்.

இரண்டாவது மறுப்பு கனமானது. இலக்கில்லாமல் வியாபாரம் நடத்த முடியாது. கடினமான, தெளிவான இலக்கு உழைப்பை உயர்த்தும் என்பதை எட்வின் லொக், கேரி லேதம் ஆகியோரின் பல்லாண்டு ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. அறவீடு தளர்ந்தால் நிதிக் கம்பனியே கவிழ்ந்து வைப்பாளரின் காசும் போய்விடும் என்கிறார்கள். இதை அப்படியே தள்ளிவிட முடியாது. இலங்கையில் நிதிக் கம்பனிகள் கவிழ்ந்து, ஆயுட்காலச் சேமிப்பை இழந்து வீதிக்கு வந்த வைப்பாளர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் லொக், லேதம் முன்வைத்த கோட்பாட்டிலேயே நிபந்தனைகள் உண்டு: இலக்கை ஏற்பவருக்கு அதை எட்டும் திறனும் வளமும் இருக்க வேண்டும், அதில் அவருக்கு மனப்பூர்வமான ஈடுபாடு இருக்க வேண்டும். அறுவடைக்கு மூன்று மாதம் இருக்கையில் கமக்காரரிடம் முழுத் தவணையை வாங்கி வா என்பது இந்த நிபந்தனைகளில் எதையும் நிறைவேற்றாத கட்டளை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். தவணை வராமைக்கான காரணம் நாட்டுக்கே தெரிந்திருந்தது. ஆளுக்கு ஆள் தரப்படுத்தும் பட்டியலோ அதை உத்தியோகத்தரின் சோம்பலாக மட்டுமே வாசிக்கத் தெரிந்தது. வெல்ஸ் பார்கோ, விவகாரம் வெளியான சில வாரங்களுக்குள் தன் கிளைகளின் பொருள் விற்பனை இலக்குகளையே கைவிட்டது. வங்கி இன்றும் இயங்குகிறது. மிகையாக விற்ற கடன்தான் நாளைய வாராக்கடன் என்பதால், இந்த அழுத்தம் வைப்பாளரைக் காப்பாற்றுகிறது என்ற வாதமும் நிலைக்காது.

பிடிக்காவிட்டால் விலகிப் போகலாமே, யாரும் கட்டிவைக்கவில்லையே என்பது மூன்றாவது மறுப்பு. வேறு வேலை இருக்கும் நகரத்தில் இந்தக் கேள்விக்கு ஓரளவு நியாயம் உண்டு. கந்தளாயில் மாற்று வேலை என்பது பெரும்பாலும் இன்னொரு நிதிக் கம்பனியின் இதே வேலை, அல்லது மத்திய கிழக்குக்கான விமானச் சீட்டு. அதோடு, விலகிப் போகச் செய்வதே நிறுவனத்துக்கு இலாபமாகும் விதத்தில் நம் சட்டங்கள் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கின்றன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நீக்க அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்தாண்டு சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை உரித்து. ஊழியரைக் காக்க எழுந்த நல்ல சட்டங்கள் இவை. ஆனால் ஊழியர் தாமாகவே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் அனுமதி தேவையில்லை. ஐந்தாண்டுக்கு முன் போய்விட்டால் பணிக்கொடையும் இல்லை. இப்படியாக, மனத்தை நோகடித்து வெளியேற்றுவது மிக மலிவான பணிநீக்க முறையாகிவிடுகிறது. பிரான்ஸ் டெலிகொம் நிறுவனத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். அரச ஊழியர் தகுதி கொண்டிருந்த பெரும்பாலானோரை நீக்க முடியாத நிலையில், மூன்றாண்டுகளில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்ட நிர்வாகம், அவர்களைத் தாங்களாகவே போகவைக்கும் சூழலை உருவாக்கியது. தொடர்ந்த தற்கொலைகளின் பின், 2019 டிசெம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அந்நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைவர் டிடியே லொம்பாரையும் உளவியல் துன்புறுத்தலுக்காகக் குற்றவாளிகளாகக் கண்டது. தனியொருவர் இன்னொருவரைத் துன்புறுத்தியதைக் கடந்து, ஒரு நிர்வாகக் கொள்கையே குற்றமாக முடியும் என்று அத்தீர்ப்பு நிறுவியது.

அறவீட்டாளருக்காக ஏன் இரங்க வேண்டும், ஏழைப் பெண்ணின் முற்றத்தில் நின்று ஏசுபவரும் அவர்தானே என்று கேட்போர் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. பாலியல் இலஞ்சம் கேட்டவர், கை ஓங்கியவர், பொய்க் கையொப்பம் வாங்கியவர் ஆகியோரின் தனிப்பட்ட குற்றத்தை எந்த இலக்கும் கழுவிவிடாது; சட்டப்படி அவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அவர்களைத் தண்டித்ததோடு நிறுத்திக்கொள்வது, அவர்களை அங்கே அனுப்பியவருக்குச் செய்யும் சலுகை. கடனாளிப் பெண்ணும் கடன் அறவிடும் இளைஞனும் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தவர், அடுத்தடுத்த ஊரவர். ஒருவரின் பாதுகாப்பு மற்றவரின் பாதுகாப்பிலிருந்து பிரிக்க முடியாதது.

இருக்கும் சட்டங்கள் எவ்வளவு தூரம் வரும்? 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வரும் கட்டளை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. பாலியல் சாராத, நாளாந்த அவமதிப்புக்கு இப்படி நேரடியான ஏற்பாடு இல்லை. 2023இல் வந்த மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வாடிக்கையாளரைக் காக்க எழுந்தவை. விற்பவரின் மேல் விழும் அழுத்தம் அவற்றின் மையப் பொருள் அன்று. தொழிற்சங்கம் அமைப்பதும் எளிதன்று. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 40 வீத ஊழியரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுப்பதுதான் நியாயமற்ற தொழில் நடைமுறையாகும். நாடெங்கும் சிறு சிறு கிளைகளில் சிதறி, அடிக்கடி ஆள் மாறும் தொழிலில் அந்த 40 வீதத்தைத் திரட்டுவது மலைப்பான வேலை. வெளியுலகம் இதற்கிடையே நகர்ந்திருக்கிறது. ஜப்பான் 2019இல் இயற்றி 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைப்படுத்திய சட்டம், மேலதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யும் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைத்தது. சர்வதேச தொழில் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் இலக்கச் சமவாயம் உளவியல் தீங்கையும் வேலையிட வன்முறையாக ஏற்கிறது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை, செய்யக்கூடியவையும்கூட. முதலாவது, விவசாயப் பிரதேசக் கிளைகளின் அறவீட்டு இலக்கும் கடன் தவணையும் பெரும்போக, சிறுபோக அறுவடையோடு பொருந்தும்படி அமைய வேண்டும். அந்த எண் தீர்மானிக்கப்படும்போது கிளை ஊழியரின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும். இரண்டாவது, சம்பளத்தில் இலக்கோடு கட்டிய பகுதிக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். வாடிக்கையாளரின் நிலுவையை ஊழியரின் சட்டைப்பையிலிருந்து ஈடுசெய்விப்பது முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும். மூன்றாவது, லொயிட்ஸ் விடயத்தில் பிரித்தானிய அதிகார சபை செய்ததுபோல, நிதிக் கம்பனிகளின் ஊக்கத்தொகைத் திட்டங்களையே மத்திய வங்கி மேற்பார்வைக்கு உட்படுத்த வேண்டும். ஒரு கிளையில் ஓராண்டில் எத்தனை பேர் 'தாமாக' விலகினார்கள் என்ற எண்ணிக்கை, அங்கே என்ன நடக்கிறது என்று காட்டும் நம்பகமான அடையாளம். அதை நிறுவனங்கள் தொழில் திணைக்களத்துக்கு அறிவிப்பதைக் கட்டாயமாக்கலாம். நான்காவது, தொடர்ச்சியான அவமதிப்பால் பெறப்பட்ட விலகல் கடிதத்தைப் பணிநீக்கமாகவே கருத வேண்டும் என்பது, ஊழியர் வழக்காடி நிறுவ வேண்டிய வாதமாக இராமல், சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இவற்றால் சிறு நிறுவனங்களின் செலவு கூடும், கிராமத்துக்குக் கடன் குறையும் என்பார்கள். இருக்கலாம். திருப்பிக் கட்ட வழியில்லாதவரிடம் மாதக் கடைசியின் எண்ணுக்காகத் திணிக்கப்படும் கடன் குறைவது கிராமத்துக்கு இழப்பாகாது. போகத்துக்குப் போகம் வருமானம் பார்த்துக் கொடுக்கப்படும் கடன் குறைய எந்தக் காரணமும் இல்லை. அந்தச் செலவு இப்போதும் கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது: ஊழியரின் தூக்கமின்மையாக, சிதைந்த குடும்பமாக, கடனாளிப் பெண்ணின் கண்ணீராக. நிறுவனத்தின் கணக்கேட்டில் அது பதிவாகாததால் மலிவாகத் தெரிகிறது. ஒரு வியாபாரத்தின் நட்டத்தைத் தாங்க வேண்டியவர், அதன் இலாபத்தை எடுப்பவரே. இந்த எளிய நியாயத்தைக் கந்தளாய்க் கிளையின் இலக்குப் பத்திரம் வரை கொண்டுவந்து சேர்க்கும் கடமை மத்திய வங்கிக்கும் தொழில் திணைக்களத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உண்டு. அதைக் கேட்கும் உரிமை கடன் வாங்கியவருக்கும் கடன் விற்றவருக்கும் ஒன்றாகவே இருக்கிறது. இருவரும் சேர்ந்து கேட்கும்போது அது மறுக்க முடியாத கோரிக்கையாகும்.